அடுத்தது ஆர், அடுத்தது எப்ப?

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாலை நேரத்தில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் கொஞ்சம் நின்றால் ஒரு கதை காதில் விழும். "ரஹ்மான் வாறாராம்." "ஆர் சொன்னது?" "கிரவுண்ட் கேட்டிருக்கினமாம்." "போன வருசமும் உப்பிடித்தான் சொன்னவை." "இல்லை, இந்த முறை உண்மையாம். இல்லாட்டி அனிருத்தாவது வருவார்." எந்த மாதம், எந்த வெளி, ரிக்கற் என்ன விலை, முதல் பாட்டு எதுவாக இருக்கும், கூட ஆர் ஆர் படிப்பினம் என்று பஸ் வரும்வரை கதை நீளும். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகும் நீளும். ஒன்றும் உறுதியில்லை. ஆனால் பேசுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், அவ்வளவு உற்சாகம்.

பெரியவர்கள் பலர் இதை வேலையில்லாத கதை என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்து ஆர் வருவார், அடுத்த பாட்டு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது இசை கேட்பதின் ஒரு பகுதி. அரங்கில் கழியும் மூன்று மணி நேரத்துக்கு முன்னாலேயே இசை ரசிகனின் மனதில் தொடங்கிவிடுகிறது. இன்னொன்றும் சொல்வேன். ஒரு கலைஞனைப் பார்த்து "அடுத்தது எப்ப?" என்று ஊர் கேட்கும்வரைதான் அவனால் கலைஞனாக இருக்க முடியும். கேட்க ஆளில்லாமல் போனால் அவன் வேறு பிழைப்புத் தேடிப் போவான். இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உலகில் இதை எல்லோரும் செய்கிறார்கள். இங்கிலாந்தின் ஒயேசிஸ் என்ற ரொக் இசைக்குழு 2009 ஓகஸ்டில் உடைந்தது. அதில் இருந்த அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள். அதன் பிறகு பதினைந்து வருடம் அந்த ரசிகர்கள் செய்த வேலை ஊகிப்பதுதான். இருவரில் ஒருவர் பேட்டியில் மற்றவரைப் பற்றி ஒரு சொல் மென்மையாகச் சொன்னால் போதும், "சேரப் போகினம்" என்று கதை கிளம்பும். 2024 ஓகஸ்ட் 27ஆம் திகதி அறிவிப்பு வந்தது. 2025 ஜூலை 4ஆம் திகதி கார்டிஃப் நகரில் முதல் மேடை. கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் ரசிகர்கள் ஓர் இசைத்தொகுப்புக்காக அதே அளவு காலம் பார்த்திருந்தார்கள். 1993க்குப் பிறகு அடுத்தது 2008இல்தான் வந்தது. 'அப்பா' (ABBA) என்ற குழுவின் ரசிகர்களுக்கு நாற்பது வருடம், 1981இலிருந்து 2021வரை. ஊகம் விபரீதமாகப் போனதும் உண்டு. 1969இல் பீட்டில்ஸின் ஓர் இசைத்தட்டு உறையில் நால்வரும் வீதியைக் கடக்கிற படம். அதில் போல் மக்கார்ட்னி செருப்பில்லாமல் நடக்கிறார். அதையும் ஓர் அடையாளமாகக் காட்டி, அவர் இறந்துவிட்டார் என்று கதை கட்டி உலகம் முழுக்கப் பரப்பினார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று பத்திரிகைக்காரர் தேடிப் போய் எழுத வேண்டியிருந்தது.

இவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்கள். 1965இலிருந்து 1995வரை அந்தக் குழு இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட மேடைகளில் வாசித்தது. ஒவ்வோர் இரவும் பாட்டு வரிசை மாறும். ஒரே பாட்டு நேற்று வாசித்த மாதிரி இன்று இராது. அதனால் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். இன்று எதில் தொடங்குவார்கள், எதை நீட்டுவார்கள் என்று முன்கூட்டியே பந்தயம் பிடித்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1984இல் குழுவே அவர்களுக்கென்று அரங்கில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. பதிந்ததை விற்கக்கூடாது, கைமாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் நிபந்தனை.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. இதே ரசனை இந்தக் குடாநாட்டில் முழு உருவத்தோடு இருந்தது. கிற்றாருக்குப் பதிலாக நாதஸ்வரமும் தவிலும் இருந்தன.

கோயில் திருவிழா நோட்டீஸ் அச்சில் இருக்கும்போதே ஊரில் கேள்வி தொடங்கிவிடும்: "உங்கட திருவிழாவுக்கு ஆர் மேளம்?" கொடியேற்றத்துக்கு ஆர், தேருக்கு ஆர், பூங்காவனத்துக்கு ஆர். ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர். ஆறாம் திருவிழாக்காரர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால் ஏழாம் திருவிழாக்காரருக்கு நித்திரை வராது. சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டிலிருந்தே மேளம் இறக்குவார்கள். கடைசி நாள்வரை பெயரை வெளியில் விடாத உபயகாரரும் உண்டு. அந்த மௌனமே ஊரைக் கிளறிவிடும். சுவாமி வீதி வலம் வந்து ஓர் இடத்தில் நிற்கும்போதுதான் உண்மையான கச்சேரி. தீவட்டி வெளிச்சத்தில், வெளிவீதி மணலில், சால்வையை விரித்துப்போட்டு இருந்துவிடுவார்கள். எந்த ராகம் எடுக்கப் போகிறார் என்று நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும்போதே ஒருவர் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் மறுப்பார். முதல் பிடி வந்ததும் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். தோற்றவர் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார். அந்த மணலில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தோட்டக்காரர், கடைக்காரர், சுருட்டுச் சுற்றுகிறவர், வாத்தியார். இசைப் பரீட்சை எழுதியவர்கள் அல்லர். ஊகித்து, தோற்று, மறுபடி ஊகித்தே ராகம் பிடிக்கக் கற்றார்கள்.

அந்த உலகத்தின் நடுவில் இருந்தவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்தவர். பிறகு அளவெட்டியோடு சேர்த்தே அவர் பெயர் பேசப்பட்டது. தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் இவர் தவிலைத் தங்களுக்குப் பக்கத்தில் கேட்டார்கள். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கும் அவருடைய வாசிப்பு மிகக் கொஞ்சம். அம்ஷன் குமார் அவரைப் பற்றி 2015இல் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்கள். தெட்சணாமூர்த்தி இன்று எந்தக் கோயிலில் என்று விசாரித்து, சைக்கிளில் இரவிரவாகப் போன ஒரு தலைமுறை இங்கே இருந்தது. "இண்டைக்கு அவற்றை கை எப்பிடி இருக்கும்?" என்பதே அவர்கள் பேச்சு. கணக்கு எங்கே போய் எங்கே விழும் என்று விரல் மடித்துக் காத்திருப்பார்கள். கிரேட்ஃபுல் டெட் ரசிகன் செய்ததும் இதையேதான். ஒரு வித்தியாசம் உண்டு, அது நமக்குக் கசப்பானது. அவர்கள் ஏறக்குறைய எல்லா இரவுகளையும் பதிந்து வைத்தார்கள். நாம் காதால் கேட்டுக் காற்றில் விட்டோம்.

அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்காக நல்லூர் வீதியில் காத்திருந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். இருபத்தைந்து நாள் நல்லூர்த் திருவிழாவை அவருடைய நாதத்தோடு சேர்த்து நினைப்பவர்கள் நீங்கள். இன்று ஈழநல்லூர் பி. எஸ். பாலமுருகன் வாசிக்கும் இடங்களிலும் கூட்டம் கூடுகிறது. ஆகவே அந்த மரபு செத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊரையே பிடித்தாட்டிய கேள்வியாக அது இப்போது இல்லை.

மேளத்துக்குப் பிறகு இசைக்கோஷ்டிகள் வந்தன. கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று பெயர் சொன்னால் அறுபது வயது தாண்டியவர்களின் முகம் மலரும். கிற்றார், ஓர்கன், கொங்கோ டிரம் எல்லாம் கோயில் வெளிவீதி மேடைக்கு ஏறின. இதே காலத்தில் இலங்கையில் தமிழ்ப் பொப் பாட்டுப் பிறந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். திருகோணமலையில் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் பாடினார்கள். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டைப் பிடித்தது. இளையராஜா இசையமைத்த ஒரு படத்திலும் 1977இல் இடம்பெற்றது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அந்தப் பாட்டுகளின் இலக்கியத் தரத்தைப் பற்றிப் பண்டிதர்கள் அன்றும் சண்டை பிடித்தார்கள். எனக்கு முக்கியம் வேறு. நம்முடைய பெடியள் தங்கள் பேச்சுமொழியில் தாங்களே பாட்டுக் கட்டினார்கள், ஊர் "அடுத்த பாட்டு என்ன?" என்று அவர்களைக் கேட்டது. சென்னையைப் பார்த்துக் கேட்ட அதே ஆவலோடு கேட்டது.

யுத்தம் அந்த இரவுகளைத் தின்றது. ஊரடங்குச் சட்டம் இருக்கும் ஊரில் விடியவிடிய மேளம் எப்படி நடக்கும்? கோஷ்டிக்காரர்களில் பலர் விமானம் ஏறினார்கள். சிலர் இறந்தார்கள். சிலர் இயக்கப் பாடல்களுக்குப் போனார்கள். இசைவாணர் கண்ணன் இசையமைத்த, எஸ். ஜி. சாந்தன் பாடிய ஒலிநாடாக்கள் அடுத்தது எப்ப என்று கேட்டு வாங்கப்பட்டன. சாந்தன் கோயில்களுக்கும் ஏராளமாகப் பாடினார். 2017 பெப்ரவரியில் அவர் யாழ்ப்பாணத்தில் காலமானபோது அழுதவர்களில் அவரை எந்த வகைப் பாட்டில் அறிந்திருந்தோம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

தொண்ணூறுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1990இலிருந்து சில வருடம் இங்கே மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த நாட்களில் பாட்டுக் கேட்பது எப்படி? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் தரையில் படும்படி வைப்பார்கள். பின் சில்லோடு டைனமோ உரசும். டைனமோவிலிருந்து இரண்டு வயர் கசற் றேடியோவுக்குப் போகும். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவார், மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். கை ஓய்ந்தால் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் இழுபட்டுத் தடித்துவிடும். "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள். கை மாறும். சுற்று வேகம் கூடினால் ஜானகி குழந்தைக் குரலில் ஓடுவார். நல்ல சுற்றுக்காரன் ஒருவனுக்கு ஒழுங்கையில் தனி மரியாதை இருந்தது. பாட்டின் தாளத்துக்கே பெடலைச் சுற்றுவான், சரணத்தில் மூச்செடுத்து, பல்லவிக்குத் திரும்பும்போது கையை மாற்றுவான். 1992இல் 'ரோஜா' வந்தது. ஏ. ஆர். ரஹ்மான் என்ற பெயரைக் குடாநாட்டின் பெரும்பகுதி இந்தச் சில்லுச் சுற்றலில்தான் முதலில் கேட்டது.

அப்போதும் ஊகம் இருந்தது, இன்னும் கூர்மையாக இருந்தது. கிளாலிக் கடலால் இரவில் உயிரைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்து சேர்ந்தவர்களிடம் நலம் விசாரித்த கையோடு "புதுப் பாட்டு ஏதும் வந்ததோ?" என்று கேட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இளையராஜா அடுத்து என்ன படம் செய்கிறார், அந்தப் புதுப் பெடியன் ரஹ்மான் ஒரு படத்தோடு போய்விடுவானா, நிலைப்பானா என்று பதுங்குகுழி ஓரத்தில் வாதாடினார்கள். அவர்களுக்குப் படம் வராது, கச்சேரி வராது, பத்திரிகை காலம் கடந்து வரும். ஆனாலும் ஊகித்தார்கள். நாளைக்கு ஒரு பாட்டு வரும் என்று நம்புவதற்கு நாளை என்ற ஒன்று இருக்கும் என்று நம்பவேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கத்தை வேலையில்லாத கதை என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

இப்போதைய காலத்துக்கு வருகிறேன். இன்று இந்த ஊகங்கள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் பாதைகள் திறந்ததுதான். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நோய்த்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசெம்பரில் மீண்டும் வந்து இறங்கியது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். அதற்குச் சரியாக ஒரு கிழமை கழித்து, 21ஆம் திகதி, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் முற்றவெளி மைதானத்தில் இலவசமாக நிகழ்ச்சி செய்தார். அதற்கு 'யாழ் கானம்' என்று பெயர். சென்னையில் காலையில் தேநீர் குடித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கலாம் என்ற நிலை வந்த பிறகு, "ஆர் வருவினம்?" என்ற கேள்விக்கு எல்லாப் பெயரும் பொருந்தும்.

பிறகு 2024 பெப்ரவரி 9. ஹரிஹரன் பாட வந்த நிகழ்ச்சி, அதே முற்றவெளி. முதலில் 2023 டிசெம்பர் என்றார்கள், பிறகு பிற்போட்டார்கள். அந்த இடைவெளியில் ஊகம் காட்டுத்தீயாகியது. யார் யார் வருகிறார்கள், யார் வரவில்லை, இலவசமா, காசா என்று தினம் ஒரு கதை. தமன்னா முதல் யோகி பாபு வரை நட்சத்திரங்களும் வந்தார்கள். கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரியவில்லை. தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார்கள். நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது, பொலிசார் இறங்கினார்கள், பிறகு மறுபடி நடந்தது. மறுநாள் உலகத் தமிழர் எல்லோரும் யாழ்ப்பாண இளைஞர்களுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ஒழுக்கம் கெட்டுவிட்டது, யாழ்ப்பாணத்தின் மானம் போய்விட்டது என்றார்கள்.

தடுப்பை உடைத்தது பிழை. அந்த நெரிசலில் குழந்தைகளும் வயோதிபர்களும் இருந்தார்கள். ஓர் உயிர் போயிருந்தால் எந்தப் பாட்டும் அதற்கு ஈடாகாது. ஆனால் தீர்ப்பை அங்கேயே முடித்துவிடக்கூடாது. பத்தாயிரக் கணக்கில் சனம் வரும் என்பது ஒரு மாதமாகத் தெருத் தெருவாகப் பேசப்பட்டதே, அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருக்கும். ரசிகர்களின் ஊகம் ஏற்பாட்டாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கணக்கெடுப்பு. தூரத்தில் நிற்பவர்களுக்குப் பெரிய திரை எத்தனை, வெளியேற வழி எத்தனை, தண்ணீர் எங்கே, அம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்பதை எல்லாம் அதை வைத்தே திட்டமிடலாம். இது நான் ஒரு நிகழ்ச்சியை மட்டும் மனதில் வைத்துச் சொல்வது அல்ல, இனிவரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்வது. முற்றவெளியில் இவ்வளவு கவனம் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 1974 ஜனவரி 10ஆம் திகதி, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த சனத்தில் உயிர்கள் பறிபோனதை அங்கே நிற்கும் நினைவுத்தூபிகள் சொல்கின்றன. அந்த நிலத்தில் கூட்டம் கூட்டுகிறவர் எவரும் ஒவ்வோர் ஆளையும் வீடு போய்ச் சேரும்வரை பொறுப்பேற்க வேண்டும்.

உறுதியாகாத பெயரை விளம்பரத்தில் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "வருகிறார்" என்று ஒரு படத்தைப் போட்டு, பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிடும் வழக்கம் இங்கே வந்துவிட்டது. அதை நம்பி கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் விடுமுறையை மாற்றி எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் ரிக்கற்றுக்குக் காசு ஒதுக்கிய கடைப் பெடியன் இருக்கிறான். ரசிகன் ஊகிக்கலாம், அது அவன் உரிமை. ஏற்பாட்டாளர் ஊகிக்கக்கூடாது. அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

ரசிகர்கள் கேட்க மாட்டார்கள், புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 2024 ஜனவரி கடைசியில் நடந்ததை நினையுங்கள். கொழும்பில் இளையராஜாவின் நிகழ்ச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பஸ்ஸும் வானும் ஒழுங்குபண்ணிவிட்டிருந்தன. 25ஆம் திகதி அவருடைய மகள் பவதாரிணி கொழும்பிலேயே காலமானார். நிகழ்ச்சி பிற்போடப்பட்டது. காசைப் பற்றி அந்த நேரம் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அன்றிரவு வீடுகளில் பவதாரிணியின் பாட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் ரசிகன் காத்திருப்பான்.

இனி, நான் சொல்ல வந்ததில் கடினமான பகுதி.

உலகத்தின் பெரிய இசைப் பத்திரிகைகள் "அடுத்தது எப்ப?" என்று கேட்ட ஒருவர் இந்த ஊரோடு உறவுள்ளவர். மாதங்கி அருட்பிரகாசம், எம். ஐ. ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். இலண்டனில் பிறந்தாலும் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே கன்னியர் மடத்தில் படித்து, 1986இல் அகதியாக இலண்டன் திரும்பியவர். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 2005இல் வந்த 'அருளர்'. அது தகப்பன் பெயர். இரண்டாவது 2007இல் 'கலா', தாயின் பெயர். அடுத்து 'மாயா', அடுத்து 'மாதங்கி', இரண்டும் அவருடையவை. 2016இல் வந்த தொகுப்பே கடைசி என்றார். ரசிகர்கள் நம்பவில்லை, ஆறு வருடம் ஊகித்தார்கள், 2022இல் 'மாதா' வந்தது. நியூயோர்க்கில் இருக்கும் ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அடுத்து எந்தப் பெயர் வரும் என்று யோசித்தது. நாம் யோசித்தோமா? யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் ராப் பாடும் ஷான் வின்சன்ட் டி போல் 2021இல் தன் தொகுப்புக்கு 'மேட் இன் ஜஃப்னா' என்றே பெயர் வைத்தார். எங்கள் ஊரின் பெயர் உறையில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

தூரத்தில் இருப்பவர்களை விடுவோம். 2023 டிசெம்பரில் அரியாலையின் கில்மிஷா தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டியில் வென்றபோது குடாநாடு முழுக்க விழித்திருந்தது. இந்தக் கிழமை என்ன பாட்டு, நடுவர்கள் என்ன சொல்வார்கள், இறுதிச் சுற்றில் யார் மிஞ்சுவார்கள் என்று சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பேசினார்கள். வென்றதும் மாலை, ஊர்வலம், பட்டாசு. அந்த ஆவலைக் கண்டு நான் உள்ளம் நிறைந்தேன். ஆனால் அந்த ஆவலை மூட்டுவதற்கு ஒரு சென்னை மேடை தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலேயே இருந்து சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி வெளியிடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பூவன் மதீசன், வாகீசன் போன்றவர்களின் பாட்டுகளில் நம்முடைய ஒழுங்கை, நம்முடைய கோபம், நம்முடைய நக்கல் எல்லாம் நம்முடைய பேச்சிலேயே வருகின்றன. மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் நுண்கலைக் கழகமாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நிறுவனத்திலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மேடையில் நிற்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள், அல்லது கலியாண வீட்டில் சினிமாப் பாட்டுப் படிக்கிறார்கள். கலியாண வீட்டில் பாடுவதில் குறையில்லை. ஆனால் அங்கே அவர்களிடம் யாரும் "உங்கட சொந்தப் பாட்டு அடுத்தது எப்ப?" என்று கேட்பதில்லை. "அந்தப் படப் பாட்டுத் தெரியுமோ?" என்றுதான் கேட்கிறோம்.

2011இலும் 2013இலும் யாழ்ப்பாண இசைவிழா நடந்தது. நாட்டுக்கூத்து, பறை, நாதஸ்வரம் எல்லாவற்றையும் இலங்கையின் மற்ற இனத்தவரின் இசையோடும் வெளிநாட்டுக் கலைஞர்களோடும் ஒரே வெளியில் கேட்டோம். அதை இந்த ஊர் தன்னுடையதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அடுத்தது எப்ப என்று நாம் உரத்துக் கேட்டிருந்தால் அது இன்னும் வேர்விட்டிருக்கும் என்பது என் துணிபு. இப்போது பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித்தந்த பண்பாட்டு மையம் நிற்கிறது. அறுநூறு பேர் இருக்கக்கூடிய அரங்கு. முற்றவெளி நிறைய ஆள் வரும் ஊரில் மாதம் ஒரு முறை அறுநூறு கதிரையை நம் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்காக நிரப்ப முடியாதா?

இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறீர்கள். ரஹ்மான் எந்தப் பாட்டில் தொடங்குவார் என்று மணிக்கணக்கில் பேசுங்கள், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன். அதே நேரம் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணில், மாமன் வீட்டு அலுமாரியில் பழைய கசற்றோ ஸ்பூல் ரேப்போ இருந்தால் எறியவேண்டாம். கோயில் மேளம், கோஷ்டி, கலியாண வீட்டுத் தவில் எதுவாக இருந்தாலும் பூஞ்சணம் பிடிப்பதற்கு முன்னர் இலத்திரனியல் பிரதி எடுத்து, எந்தக் கோயில், எந்த வருடம், யார் வாசித்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். இன்னும் பத்து வருடத்தில் அந்தக் குரலை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. மற்றது, உங்கள் ஊரில் பாட்டுக் கட்டுகிற ஒரு பெடியனை, ஒரு பெட்டையைத் தெரியுமென்றால் இன்றே கூப்பிட்டு அடுத்த பாட்டு எப்ப என்று கேளுங்கள். திகதி சொன்னால் அந்தத் திகதியில் ரிக்கற்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் இருங்கள்.